இன்வெர்ட்டர் பக்கத்தில் ஒரு கயிறு

பத்து நாளாக நண்பர் ஒருவர் என் மேல் கோபமாக இருக்கிறார். நம்ம திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்தான். அடுத்த மாதம் வேலை மாற்றலில் வெளிநாடு கிளம்புகிறார். வீட்டைக் காலி செய்யும்போது தன் அறுபது மீட்டர் கயிற்றை எடுத்துக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"பாப்பா பாறை ஏறப் போகுதாமே, வச்சுக்கோங்க. ரெண்டு வருசம்தான் ஆகுது. நாலு தடவைதான் எடுத்திருப்பேன்."

மகள் எட்டாம் வகுப்பு. புனேயில் செயற்கைச் சுவரில் ஏறிப் பழகியவள், மழை விட்டதும் முதல்முறையாக நிஜப் பாறைக்குப் போகிறாள். கயிறு புதுசு மாதிரிதான் இருந்தது, ஒரு நூல் பிரியவில்லை. கடையில் பத்தாயிரத்துக்கு மேல் ஆகும். தங்கமணி முகத்தில் சந்தோஷம். நான்தான் எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டுத் தொலைத்தேன்.

"பால்கனி அலமாரியிலதான், இன்வெர்ட்டர் பக்கத்துல."

வேண்டாம் என்றேன். அவ்வளவுதான், மனுஷன் முகம் சுருங்கிவிட்டது.

ஏறும் கயிறு நைலான். உள்ளே முறுக்கிய இழைகள், வெளியே பின்னிய உறை. எடையைத் தாங்குவது பெரும்பாலும் உள்ளே இருப்பதுதான், அது கண்ணுக்குத் தெரியாது. நைலானுக்குப் பரம எதிரி அமிலம். இன்வெர்ட்டர் பேட்டரியில் இருப்பது கந்தக அமிலம். சார்ஜ் ஏறும்போது வரும் ஆவியோ, தண்ணீர் ஊற்றும்போது தெறிக்கும் ஒரு துளியோ போதும். வெளியே நிறம்கூட மாறாமல் உள்ளே இற்றுப் போகலாம். தேய்ந்த கயிறு தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும், இது தெரியாது. அந்தக் கயிறு நன்றாகவே இருக்கலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் இருக்கலாம் என்பதில் பிள்ளையைத் தொங்கவிட முடியுமா? அதனால்தான், வரலாறு முழுக்கத் தெரியாத கயிற்றை இனாமாகக்கூட வாங்காதீர்கள் என்பேன்.

வரலாறு என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் சிங்ககட் கோட்டையை 1670-ல் தானாஜி பிடித்தார். யஷ்வந்தி என்ற உடும்பின் உடம்பில் கயிறு கட்டிப் பாறையில் ஏற்றினார் என்று இங்கே கதை சொல்வார்கள். உடும்புப் பிடி சரி, கயிற்றை யார் சோதித்தார்களோ! :-)

சரி, புதுசு வாங்குவதற்கு வருவோம். சஹ்யாத்ரியில் பள்ளத்தாக்கைக் கடக்கவும், கயிற்றில் இறங்கவும் குழுக்கள் கட்டுவது பெரும்பாலும் ஸ்டாட்டிக் கயிறு. அதிகம் நீளாது, அந்த வேலைக்கு அதுதான் சரி. மேலே ஏறுகிறவர் விழுந்தால் தாங்க வேண்டியது டைனமிக் கயிறு. இது நீண்டு கொடுத்து, விழுந்த வேகத்தை வாங்கிக்கொள்ளும். ஸ்டாட்டிக்கில் விழுந்தால் கயிறு அறாவிட்டாலும் இடுப்பும் முதுகும் அந்த அதிர்ச்சியை வாங்க வேண்டும். கடைக்காரர் எல்லாம் ஒண்ணுதான் சார் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். நுனியில் வட்டத்துக்குள் 1 என்று போட்டிருக்கிறதா, ஈஎன் 892 என்று இருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சோதனையில் 80 கிலோ எடையைக் கட்டிக் கடுமையாக விழவிடுவார்கள், குறைந்தது 5 முறை தாங்க வேண்டும். பழகுகிறவர்களுக்கு 10 மில்லிமீட்டர் சுற்றளவில் — தப்பு, விட்டத்தில் — வாங்குவது நல்லது. மெல்லியது எடை குறைவு, ஆனால் சீக்கிரம் தேயும், கையில் வழுக்கும்.

வாங்கியதை முதலில் பிரிப்பதில் ஒரு பக்குவம் உண்டு. வளையங்களை ஒவ்வொன்றாக உருவினால் முறுக்கு ஏறிவிடும். இரண்டு கையையும் உள்ளே விட்டு, நூல்கண்டை உருட்டுவது போலச் சுழற்றிப் பிரிக்க வேண்டும். நானும் மகளும் ஹாலில் அரை மணி நேரம் செய்தோம்.

மீதியெல்லாம் பொறுமை. பாறையடியில் ஒரு விரிப்பின் மேல்தான் கயிறு கிடக்க வேண்டும். மிதிக்கக் கூடாது, மண்துகள் உறைக்குள் புகுந்து உள்ளிருந்தே அறுக்கும். பாதாமி போய்விட்டு வந்தால் அந்த மணற்பாறைப் பொடி விரலெல்லாம் ஒட்டும், உடனே கழுவிவிடுவேன். வெதுவெதுப்பைத் தாண்டாத தண்ணீர், மென்மையான சோப்பு. ப்ளீச் கூடவே கூடாது. நிழலில்தான் காய வேண்டும். இங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை துணியே காயாது, ஆகவே ஃபேனுக்கடியில் இரண்டு மூன்று நாள் கிடக்கும். ஈரக் கயிற்றுக்கு விழுகையைத் தாங்கும் சக்தி நன்றாகவே குறையும். ஒவ்வொரு முறையும் முழு நீளத்தையும் விரலால் உருவிப் பார்ப்பேன். தட்டையாகவோ, தொளதொளவென்றோ எங்காவது பட்டால் அந்த இடத்தோடு அதன் ஆயுள் முடிந்தது. ஒன்றுமே ஆகாமல் பெட்டியில் இருந்தாலும் பத்து வருஷத்துக்கு மேல் வைக்காதே என்பதுதான் தயாரிப்பாளர்கள் சொல்வது. வாரா வாரம் ஏறினால் ஒரு வருஷம்தான் கணக்கு.

புதுக் கயிறு இப்போது பீரோவில், பட்டுப்புடவைகளுக்குக் கீழ்த் தட்டில். வாங்கிய தேதியை மகள் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.

நண்பரின் கோபத்தைவிட எனக்கு இன்னொரு கவலை. அந்தக் கயிற்றை அவர் வேறு யாருக்காவது கொடுத்துவிட்டால்? நேற்று போன் செய்து, "அண்ணாச்சி, அதை எனக்கே கொடுங்க, துண்டு துண்டா வெட்டித் துணி காயப்போட வச்சுக்கிறேன்" என்றேன். பார்க்கலாம் என்று வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போய்க் கேட்கப் போகிறேன்.