குடாநாட்டு ஒஸ்ரின்கள்: யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வரை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வீதிகளைப் பற்றி எழுதுவோர் பனையை எழுதுவர். செம்மண் தோட்டங்களை எழுதுவர். கோயிற் கோபுரங்களை எழுதுவர். அவ்வீதிகளில் அரை நூற்றாண்டுக்கு மேலாக மணப்பெண்ணையும் நோயாளியையும் வெங்காயச் சாக்கையும் ஒன்றுபோலச் சுமந்த ஒஸ்ரின் காரை எழுதுவோர் சிலரே. இன்று முச்சக்கர வண்டிகளும் யப்பானியக் கார்களும் நிறைந்த வீதியில் அவை அருகிவிட்டன. எனினும், கிடுகு வேய்ந்த கொட்டில்களிலும் கராஜ்களின் பின்புறத்திலும் இன்னும் சில உயிரோடிருக்கின்றன. அவற்றைக் காணவென்றே, யாழ்ப்பாணம் நகரிலிருந்து பருத்தித்துறைக்கு ஓர் ஒஸ்ரின் காரிலேயே சென்று வந்தோம்.

காரின் உரிமையாளர் எழுபது வயதைத் தாண்டியவர். வாலிபத்திலிருந்து வாடகைக்குக் கார் ஓட்டியவர். கார் 1957இல் வெளிவந்த ஏ-55 கேம்பிறிஜ். ‘கேம்பிறிஜ்’ என்ற சொல்லைக் கேட்டால் அக்காலத்து யாழ்ப்பாணத்தவருக்கு இரண்டு பொருள்கள் நினைவுக்கு வந்திருக்கும். ஒன்று பரீட்சை, மற்றது கார். பரீட்சையில் தேறினோர் பின்னாளில் அந்தக் காரை வாங்கினர் என்றும் சொல்லலாம்.

ஒஸ்ரின் குடும்பம் பெரியது. ஹேர்பேட் ஒஸ்ரின் என்பவர் 1905இல் இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகருக்கு அருகே லோங்பிறிஜ் என்னுமிடத்தில் அமைத்த தொழிற்சாலையே அதன் பிறப்பிடம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், அந்நியச் செலாவணி தேடிய இங்கிலாந்து, தான் செய்த கார்களிற் பெரும்பகுதியைக் கடல் கடந்து விற்க முற்பட்டது. 1947இல் வெளிவந்த ஏ-40 டெவன் இலங்கைக்கும் வந்தது இவ்வாறே. ஏறத்தாழ நாற்பது குதிரைவலு கொண்டமையால் ஏ-40 எனப்பட்டது. 1952இல் டெவனின் இடத்தைச் சோமசெற் பிடித்தது. 1954இல் கேம்பிறிஜ் தோன்றியது. 1951இல் அறிமுகமான சின்னஞ்சிறு ஏ-30ஐ ஆசிரியர்மாரின் கார் என்று சொல்லத் தோன்றும். 803 கன சென்ரிமீற்றர் எஞ்சினுக்கு அதற்குமேல் ஆசை கூடாது. 1959இல் பினின்ஃபறீனா என்னும் இத்தாலிய நிறுவனம் வரைந்த உருவத்தில், பின்புறம் மீன்செட்டை போன்ற விளிம்புகளோடு புதிய கேம்பிறிஜ் வந்தது. 1960களின் தொடக்கத்திலே நாட்டில் அந்நியச் செலாவணி நெருக்கடி ஏற்பட்டுக் கார் இறக்குமதி இறுக்கப்படவே, உள்ளதைப் பேணிக்கொள்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

இலக்கத் தகட்டைப் பார்த்தே காரின் வயதை ஊகிக்கலாம் என்றார் எமது சாரதி. பழைய தகடுகளில் ‘சிலோன்’ என்னும் ஆங்கிலச் சொல்லிலுள்ள எழுத்துக்கள் இரண்டிரண்டாக வரும்: ஈ என், சி எல், ஈ வை என்றவாறு. 1957 முதல் சிங்கள ‘ஸ்ரீ’ வந்தது. அதனை எதிர்த்துத் தமிழ்ப் பிரதேசங்களில் நடந்த போராட்டத்தை மாணவர்கள் வரலாற்றிலே படித்திருப்பர். டெவனும் சோமசெற்றும் பெரும்பாலும் ஆங்கில எழுத்தைச் சுமப்பன. மீன்செட்டைக் கேம்பிறிஜ் ஸ்ரீயைச் சுமப்பது.

நல்லூரையும் இருபாலையையும் கடந்து கோப்பாய் வீதியிற் சென்றோம். நீர்வேலியின் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு வீட்டு முற்றத்தில் டெவன் ஒன்றும் சோமசெற் ஒன்றும் அருகருகே நின்றன. ஒன்று ஓடுவது, மற்றது அதற்குப் பாகம் கொடுப்பது. இரண்டுக்கும் அடியில் ஏணிபோன்ற தனி இரும்புச் சட்டம் உண்டு. உடல் அதன்மேல் வைத்துப் பூட்டப்பட்டது. எனவே உடல் துருப்பிடித்தாலும் முதுகெலும்பு நிற்கும். எஞ்சினும் ஏறத்தாழ ஒன்றே. 1200 கன சென்ரிமீற்றர். வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. தொடக்க காலத்து டெவனின் முன்சில்லுகளுக்குப் பிறேக் எண்ணெய் அழுத்தத்தாலும், பின்சில்லுகளுக்கு இரும்புக் கம்பிகளாலும் இயங்கும். அக்கம்பிகளின் மூட்டுக்கள் தேய்ந்தால், மிதித்தபின் கார் ஒருபக்கம் இழுக்கும். சோமசெற்றில் நான்கு சில்லுகளுக்கும் எண்ணெயே. ஆனால் அதன் கியர்க்கோல் ஸ்ரியரிங்கின் கீழே வந்துவிட்டது. முன்னிருக்கையில் மூவர் அமர வசதி கிடைத்தது. கூடவே நெடிய கம்பித்தொடரும் அதன் தேய்மானமும் கிடைத்தன. பழகாத கை இரண்டாம் கியரைத் தேடியே வீதியில் நிற்கும். எமக்கு டெவனே பிடித்தது. அதன் தவறுகள் கண்ணுக்குத் தெரிவன.

மூன்றுக்கும் பொதுவான கடமை கிறீஸ். முன்சில்லைத் திருப்பும் முளைகளுக்கு ஏறத்தாழ ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ் ஊட்டவேண்டும். இன்றைய காரோட்டிக்கு இது வியப்பாயிருக்கும். ஊட்ட மறந்தவனுக்கு ஸ்ரியரிங் நடுங்கி நினைவூட்டும்.

புத்தூர்ச் சந்தியில் சுன்னாகம் வீதியிற் திரும்பினால் சிறிது தூரத்தில் நிலாவரைக் கிணறு. அடியற்றது என்று மக்கள் நம்பிய அக்கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் உள. குடாநாடு முழுவதும் சுண்ணக்கற் படுக்கையின்மீது அமர்ந்திருக்கிறது. மழைநீர் அக்கல்லினூடே இறங்கிக் கிணற்றுக்கு வருகையிற் சுண்ணத்தைக் கரைத்துக்கொண்டு வருகிறது. கேத்திலின் அடியில் வெண்படிவு கண்ட இல்லத்தரசியர்க்கு இதை விளக்கவேண்டியதில்லை. அதே படிவு றேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் எஞ்சினின் நீர்வழிகளிலும் ஆண்டாண்டாகப் படிந்து, வெப்பம் வெளியேற விடாமல் தடுக்கிறது. சூடு கூடினால் எஞ்சின் தலைக்கும் உடலுக்கும் இடையேயுள்ள கஸ்கெற் எரியும், தலை வளையும். எமது சாரதி மாரிகாலத்தில் மழைநீரைப் பீப்பாயிற் பிடித்து வைத்து அதையே ஊற்றுகிறார். கிணற்றடியில் காரை நிறுத்தியபோது, நீர் வேண்டுமா என்று ஒரு சிறுவன் கேட்டான். “எனக்கு வேணும், இதுக்கு வேண்டாம்” என்றார் அவர்.

அங்கே நிழலில் அமர்ந்திருந்தபோதுதான் மண்ணெண்ணெய்க் காலத்தைப் பற்றிக் கேட்டோம். 1990இல் போர் மீண்டும் மூண்டு ஏ-9 பாதை அடைபட்டது; பெற்றோலும் பற்றறியும் குடாநாட்டுக்குள் வரத் தடை விதிக்கப்பட்டது. புதிய கார்கள் கொட்டிலுக்குட் போயின. பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் வீதிக்கு வந்தன. காபரேற்றருக்குச் சிறிது பெற்றோல் ஊற்றிக் காரைக் கிளப்பி, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. ஆகையால் அந்த முதற்சூடு இன்றியமையாதது. கலவையை ஏழு மடங்களவே நெருக்கும் டெவனின் எஞ்சின் தாழ்ந்த தரத்து எரிபொருளையும் பொறுத்துக்கொள்ளும். கூடுதலாக நெருக்கும் பிந்திய எஞ்சின்கள் ஏற்றத்தில் ‘கடகட’வென்று தட்டும். அதற்கும் விலை உண்டு. முழுதும் எரியாத மண்ணெண்ணெய் வளையங்களைக் கடந்து எஞ்சின் ஒயிலிற் கலந்து அதனை நீராக்கும், பெயரிங்குகள் தேயும், வால்வுகளிற் கரி ஏறும். அடிக்கடி ஒயில் மாற்றியவர்களின் கார்கள் பிழைத்தன. மாற்ற வசதியற்றோரே பலர்.

“தம்பி, மண்ணெண்ணெயைக் குடிச்சும் இது சாகேல்லை. கிணத்துத் தண்ணியைக் குடிச்சுத்தான் சாகும்” என்று பெரியவர் சிரித்தார். பிரசவத்துக்கும் காயத்துக்கும் வைத்தியசாலைக்கு ஓடிய இரவுகளை அவர் எண்ணிச் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

2002இல் பாதை திறந்தது. அதே ஆண்டில் நாட்டில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. நாட்டுக்கு அது நன்மை. பழைய எஞ்சினுக்கோ, வெளிப்போக்கு வால்வு அமரும் இடத்துக்கு மென்மை தந்த பாதுகாப்புப் போயிற்று. அவ்விடம் மெல்ல மெல்லத் தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும், இடைவெளி குறையும், எஞ்சின் வலுவிழக்கும். கடின உலோக வளையம் வைத்தால் தீரும். அதுவரை இடைவெளியை அடிக்கடி பார்த்துச் சரிசெய்யவேண்டும்.

ஆவரங்காலைத் தாண்டினால் வல்லைவெளி. இருமருங்கும் மரமில்லை, வானமும் களப்பும் காற்றுமே. முனியப்பர் கோயிலடியில் ஏனைய வாகனங்களைப் போல நாமும் நின்று கற்பூரம் கொளுத்தினோம். அந்த அழகான காற்றிலே உப்பு இருக்கிறது. கேம்பிறிஜ்ஜின் பகை அதுவே. கேம்பிறிஜ்ஜுக்கு டெவனைப்போலத் தனிச்சட்டம் கிடையாது. தகட்டுடலே சட்டமும் ஆகும். ஆகையால் பாரம் குறைவு, ஓட்டம் மென்மை. ஆனால் கதவின் கீழுள்ள பெட்டித்தகடு அரித்துப்போனால் அழகு மட்டும் கெடுவதில்லை. காரே நடுவில் தொய்யும். கதவு பூட்ட மறுப்பது முதல் அறிகுறி. பழைய கேம்பிறிஜ்ஜை வாங்க நினைப்போர் எஞ்சினைக் கேட்குமுன் நான்கு கதவுகளையும் திறந்து மூடிப் பார்க்கட்டும். எஞ்சினைத் திருத்தலாம், அதன் 1489 கன சென்ரிமீற்றர் எஞ்சினே பின்னர் இந்தியாவின் அம்பாசடர் காரிலும் நெடுங்காலம் ஓடியது. அம்பாசடரின் உற்பத்தி 2014இல் நின்றுபோனாலும், அதற்கென வார்த்த பாகங்கள் தேடுவோர்க்கு இன்னும் அகப்படுகின்றன. தகட்டை வார்த்து அனுப்புவார் எவருமில்லை.

நெல்லியடியில் கராஜ் ஒன்றில் நின்றோம். கூரையின் கீழ் ஒரு சோமசெற், ஒரு ஏ-30, மூடிவைத்த ஏதோ ஒன்று. மெக்கானிக்கிற்கு அறுபத்தைந்து வயதிருக்கும். தேய்ந்த பிறேக் கம்பி மூட்டைத் தாமே கடைந்தெடுப்பவர். பிள்ளைகள் வெளிநாட்டில். எமது சாரதியின் காருக்குத் தெற்கிலிருந்து ஒருவர் வந்து நல்ல விலை பேசிச் சென்றிருக்கிறார். திருமண ஊர்வலங்களுக்கு விடுவதற்காம். அவ்விலை பெரியவரின் வீட்டுக்கூரையை மாற்றப் போதுமானது. அதைப்பற்றிக் கேட்கவே அவர் அங்கே வந்தார் என்பது எமக்கு அப்போதுதான் விளங்கிற்று.

“விக்கிறதெண்டால் இப்ப வில்லுங்கோ அண்ணை. நான் இருக்கேக்கை வித்தால், வாங்கிறவனுக்கு இதின்ரை குணத்தைச் சொல்லிவிடுவன்” என்றார் மெக்கானிக். பெரியவர் பதில் சொல்லாமற் பொனற்றைத் திறந்தார்.

கராஜில் வேலை பழகும் பதினாறு வயதுப் பையன் ஒருவன் வந்தான். கணினிக் கருவி பூட்டிப் பார்க்கும் நவீன கார்களே அவனுக்கு விருப்பம் என்று மெக்கானிக் சற்று முன்னர் குறைப்பட்டிருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, அவன் நெடிய ஸ்குறூட்றைவரின் நுனியை வால்வு மூடியின்மேல் வைத்து, பிடியைக் காதோடு அணைத்து, ஒவ்வொரு சிலிண்டராகக் கேட்டான். எவரும் அவனைக் கேட்கச் சொல்லவில்லை.

“மூண்டாவதிலை வித்தியாசம் இருக்கு” என்றான்.

மெக்கானிக் தாமும் குனிந்து கேட்டார். பின்பு எஞ்சினை நிறுத்தச் சொல்லி, பதினைந்து ஆயிரத்திலொரு பங்கு அங்குலத் தகட்டை பீலர் கேஜ் கட்டிலிருந்து பிரித்து அவனிடம் நீட்டினார். அளந்து முடியும்வரை பெரியவர் விலையைப் பற்றி மறுபடி பேசவில்லை. பருத்தித்துறைக்கு நாம் புறப்பட்டபோது மணி நாலரை.