வாட்ச்மேனுக்கு இனிஷியல்

ஒரு சின்னப் பரீட்சை. நீங்கள் ஒரு டெலிவிஷன் சீரியலுக்குக் கதை வசனம் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதாநாயகிக்கு ஒரு பெயர் வேண்டும். யோசியுங்கள். மாடர்னாகவும் இருக்கவேண்டும், வீட்டுப் பெரியவர்களும் முகம் சுளிக்கக்கூடாது. அம்மா கூப்பிட்டால் கொஞ்சலாகவும் மாமியார் கூப்பிட்டால் மிரட்டலாகவும் ஒலிக்கவேண்டும். லேசில் அகப்படாது. சரி, அது கிடக்கட்டும். அவள் வீட்டு வாசலில் ஒரு வாட்ச்மேன் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே பாத்திரம் தேய்க்க ஒரு பெண்மணி வருகிறார். இவர்களுக்கு என்ன பெயர்?

பார்த்தீர்களா, அரை விநாடிகூட ஆகவில்லை. இரண்டு பெயர்களும் தயாராக வந்து நிற்கின்றன. யார் கொண்டுவந்து வைத்தது? இந்த வாரம் அதைத்தான் பேசப்போகிறோம்.

நான் படித்தது பி.காம். அந்தப் படிப்பில் எனக்குத் தெரிந்த கதாபாத்திரங்கள் ராமு, சோமு ஆகிய இருவர் மட்டுமே. 3:2 என்ற விகிதத்தில் லாபத்தைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டாளிகள். அப்புறம் கோபு என்று ஒருவர் வந்து சேருவார். நற்பெயருக்காக இவ்வளவு ரூபாய் என்று கையோடு கொண்டுவருவார். ராமுவுக்கு என்ன வயது, சோமு எந்த ஊர் என்று கடைசிவரை தெரியாது. ஐந்தொகை சரியாக வந்தால் போதும்.

ஸ்கிரிப்ட்டில் இது செல்லாது. தமிழ்நாட்டில் ஒரு பெயரைச் சொன்னால் வயது, மதம், ஊர்ப்பக்கம், பல சமயம் சாதி, அப்பா எந்தக் கட்சி என்பது வரை கூடவே வந்துவிடும். இசக்கி என்றால் நெல்லைப் பக்கம். ஏழுமலை, துலுக்காணம் என்றால் வட தமிழகம். நாவலர் நெடுஞ்செழியனுக்குப் பிறந்தபோது வைத்த பெயர் நாராயணசாமி. பேராசிரியர் அன்பழகனுக்கு ராமையா. அவர்கள் தாங்களாக மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கே அப்படி வைத்தார்கள். ஆகவே உங்கள் கதையில் எழுபது வயதில் ஒரு தமிழ்ச்செல்வன் வந்தால், அவருடைய அப்பா எந்த மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார் என்று வசனமே தேவையில்லை.

எனக்குப் பெயர் அகப்படுகிற இடம் வாக்காளர் பட்டியல். எங்கள் செம்பாக்கம் 2021-ல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஆனாலும் பட்டியலைப் புரட்டினால் ஒரு பக்கத்தில் பழைய கிராமம், அடுத்த பக்கத்தில் புது அபார்ட்மெண்ட். பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது எல்லாம் ஒரே கட்டத்தில். மாமியார் கோவிந்தம்மாள், மருமகள் விஜயலட்சுமி, பேத்தி பெயரில் ஒரு 'ஷ்' கட்டாயம் இருக்கும். மூன்று தலைமுறைக் கதையை ஓட்டுப்போடும் வரிசையிலேயே எழுதிவிடலாம்.

தொழில் விதிகளும் சில உண்டு. ஒரே வீட்டில் கமலா, கமலி, கமலம் என்று மூன்று பேர் இருந்தால் படப்பிடிப்பில் பக்கத்தைக் கையில் வைத்திருக்கிற உதவி இயக்குநர் அழுதுவிடுவார். முதலெழுத்து வேறு வேறாக இருப்பது நல்லது. மாடியிலிருந்து கத்திக் கூப்பிடத் தோதாக இருக்கவேண்டும். 'மெட்டி ஒலி'யில் ஐந்து சகோதரிகள். தனம், சரோ, லீலா, விஜி, பவானி. ஒரு பெயரிலும் பகட்டு கிடையாது. சிதம்பரம் என்கிற அப்பா தன் பெண்களுக்கு இப்படித்தானே வைத்திருப்பார்? 2002-ல் தமிழ்நாடே அந்தக் குடும்பத்தைப் பக்கத்து வீடு என்று நம்பியதில் இந்தப் பெயர்களுக்கும் பங்கு உண்டு.

நிற்க. பெயர் வைப்பதில் ஆபத்தும் இருக்கிறது. 1908-ல் இங்கிலாந்தில் 'சண்டே கிரானிக்கிள்' என்ற பத்திரிகையில் ஒரு வேடிக்கைக் கட்டுரை வந்தது. ஆர்ட்டெமஸ் ஜோன்ஸ் என்கிற சர்ச் பிரமுகர், மனைவியல்லாத ஒரு பெண்ணோடு பிரான்ஸ் கடற்கரையில் உல்லாசமாக இருக்கிறார் என்று. இப்படி ஒரு பெயர் உலகத்திலேயே இருக்காது என்று எழுதியவர் நினைத்திருக்கவேண்டும். இருந்தார். அவர் ஒரு வக்கீல்! வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது. பத்திரிகை கொடுத்த நஷ்டஈடு 1,750 பவுன்.

பெயரை மாற்றினாலாவது தப்பிக்கலாமா என்றால், அதுவும் உறுதியில்லை. ரஷ்யாவின் ரஸ்புடினைப் பற்றி எம்.ஜி.எம். நிறுவனம் 1932-ல் ஒரு படம் எடுத்தது. அதில் ஓர் இளவரசி. பெயர் நடாஷா. 'அது நான்தான்' என்று இரினா யூசுபோவ் என்கிற நிஜ இளவரசி லண்டனில் வழக்குப் போட்டார். 1934-ல் அவருக்குக் கிடைத்தது 25,000 பவுன். 'இக்கதையில் வரும் பெயர்களும் சம்பவங்களும் கற்பனையே' என்று படம் தொடங்குமுன் ஓடுகிறதே, அந்த வாசகம் சினிமாவில் நிலைத்துப்போனது இந்த வழக்குக்குப் பிறகுதான்.

கேரளத்துக்கு வாருங்கள். 2025-ல் ஒரு மலையாளப் படத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் பெயர் ஜானகி. சீதையின் பெயரை அந்தப் பாத்திரத்துக்கு வைக்கக்கூடாது என்று சென்சார் போர்டு மறுத்தது. கேரள உயர்நீதிமன்றத்தில் வழக்கு. நீதிபதியே படத்தைப் பார்த்தார். கடைசியில் எப்படி முடிந்தது தெரியுமா? தலைப்பில் ஜானகிக்குப் பக்கத்தில் 'வி' என்று ஓர் இனிஷியல். கோர்ட் காட்சியில் சில இடங்களில் பெயர் மௌனம். படம் ஜூலையில் வெளியானது. ஓர் எழுத்தைச் சேர்த்ததும் தெய்வம் மனுஷியாகிவிட்டது.

வக்கீல், இளவரசி, தெய்வம். மூவருக்கும் கேட்க ஆள் இருந்தது. கபாலிக்கு யார் இருந்தார்கள்?

கபாலியும் சாமி பெயர்தானே ஸார்? மயிலாப்பூரில் கோபுரத்தோடு இருக்கிறார். பழைய படங்களில் கபாலி என்றால் என்ன? லுங்கி, கன்னத்தில் மரு, முதலாளி கூப்பிட்டதும் குனிந்து நிற்கிற அடியாள். இத்தனை வருடங்களில் எந்த போர்டும் 'அது ஈஸ்வரன் பெயர், வேறு வையுங்கள்' என்று மல்லுக்கு நின்றதாகக் கேள்விப்பட்டதில்லை. 2016-ல் பா. இரஞ்சித், ரஜினிக்கே அந்தப் பெயரை வைத்து, கோட் சூட் மாட்டி, அந்தப் பழைய கபாலி நான் இல்லை என்று ரஜினி வாயாலேயே சொல்லவைத்தார். தியேட்டரில் கேட்ட விசில் முழுக்க ரஜினிக்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை.

எங்கள் ஏரியாவில் தள்ளுவண்டியில் இட்லி விற்கிற ஒரு அக்கா இருக்கிறார். நான் டீவிக்கு எழுதுகிறவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒருநாள் சட்னியை ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"ஏன் சார், எந்த சேனலைத் திருப்பினாலும் பாத்திரம் தேய்க்கிறவளுக்கு எம் பேரைத்தான் வெக்கிறாங்க?"

நான் பதில் யோசிப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "பசங்க கிண்டல் பண்றாங்கன்னு எம் பொண்ணு ஸ்கூல்ல அம்மா பேரைச் சுருக்கி எழுதிட்டு வர்றா. அது எங்க பாட்டி பேரு சார். எங்க குலசாமி பேரு."

நான் எழுதிய சீரியலில் அப்படி இல்லை என்று சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதான். ஆனால் அவர் வீட்டில் எல்லா சீரியலும் ஒரே பெட்டியில்தான் வருகின்றன. அந்த அக்காவின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. உங்களுக்குத் தெரியும். முதல் பாராவில் நீங்களே சொன்னீர்கள்.

அதற்காக ஏழைகளுக்கெல்லாம் ஆதித்யா, அனன்யா என்று வைத்துவிட்டால் தீர்ந்ததா? அது இன்னும் அநியாயம். முனியம்மா என்ற பெயரில் ஒரு குறையும் இல்லை. அந்தப் பெயரில் ஒரு தாசில்தாரை, ஒரு ஹெட்மிஸ்ட்ரஸை நாம் எழுதுவதில்லை என்பதுதான் குறை. சரி, வேலைக்காரப் பெண்மணியாகவே வரட்டும். அவருக்கும் ஒரு ஊர், ஒரு வயது, பெயர் வைத்த ஒரு பாட்டி உண்டு என்று எழுதுகிறவனுக்காவது தெரிந்திருக்கவேண்டும்.

என் நோட்டில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். இரண்டே காட்சியில் வருகிறவருக்கும் ஒரு வரி. உதாரணமாக: 'ஏ. துரைக்கண்ணு, 61, செய்யாறு. பஸ் டிப்போவில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்.' இந்த வரியில் எதுவும் திரையில் வராது. ஆனால் இதை எழுதிய பிறகு, ஹீரோவின் கார் ஹாரன் அடித்ததும் அவரால் பதறிக்கொண்டு ஓடிவந்து சல்யூட் அடிக்க முடிவதில்லை. முப்பது வருடம் பஸ் ஹாரன் கேட்ட மனிதர். தன் நடையில்தான் வருவார்.

போன மாதம் இயக்குநரிடமிருந்து போன்.

"சார், வாட்ச்மேனுக்கு எதுக்கு சார் இனிஷியல்? அவருக்கு டயலாக்கே இல்லையே?"

"நாளைக்குள்ள எழுதி அனுப்பறேன்" என்றேன்.