ஈட்டிவீரனின் விலை 14 பொன்

திங்கள்

கணினிப் படிப்பு படிக்காத ஒரு கல்லூரி மாணவி ‘பேட்டில் ஃபார் வெஸ்நோத்’ விளையாட்டின் கோப்புறையைத் திறக்கிறாள். டேவிட் வைட் 2003இல் தொடங்கிய போர் விளையாட்டு இது. ஜிபிஎல் உரிமத்தில் வருவதால் மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். எஞ்சின் சி++ மொழியில் எழுதப்பட்டது. ‘முதலில் சி++ கற்று முடி, பிறகு கைவை’ என்ற அறிவுரை ஆர்வமுள்ள பலரை வாசலிலேயே நிறுத்திவிடும். அவள் நேராக டேட்டா கோப்புறைக்குள் போகிறாள்.

செவ்வாய்

வீரர்களின் குணங்கள் எல்லாம் டபிள்யூஎம்எல் என்ற எளிய உரைக்கோப்புகளில் இருக்கின்றன. சதுர அடைப்புக்குள் ஒரு பெயர், அதன் கீழே வரிக்கு ஒரு விவரம். ஈட்டிவீரனின் உயிர்ப்புள்ளி 36, விலை 14 பொன். அந்த 14ஐ 4 ஆக்கிச் சேமித்து, முகப்புத் திரையில் எஃப்5 அழுத்துகிறாள். எஞ்சின் கோப்புகளை மறுபடி படிக்கிறது. அடுத்த ஆட்டத்தில் களமெங்கும் ஈட்டிவீரர்கள்! வேறு யாரையும் படையில் சேர்க்கக் காரணமே இல்லாமல் ஆட்டம் சப்பென்று போகிறது. ஒரு விலை எத்தனை வீரர்களின் சமநிலையைத் தாங்கிப் பிடிக்கிறது என்பதை இவ்வளவு விரைவாகச் சொல்லித்தரும் பாடநூல் எது?

அடைப்பை மூடாமல் விட்டால் எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்று எஞ்சினே காட்டிவிடுகிறது. கோப்புகளைச் சோதிக்க எரிக் ரேமண்ட் எழுதிய ‘டபிள்யூஎம்எல்லின்ட்’ என்ற கருவியும் உண்டு.

புதன்

இன்று படங்கள். ஓர் அறுகோணக் கட்டம் 72×72 பிக்சல். அணியின் நிறம் வரவேண்டிய இடங்களை ஓவியர்கள் மெஜந்தாச் சாயல்களில் தீட்டிவிடுகிறார்கள். ஆட்டத்தின்போது எஞ்சின் அந்தச் சாயல்களைச் சிவப்பாகவோ நீலமாகவோ மாற்றிக்கொள்கிறது.

வெள்ளி

இன்று, ஆட்ட நிகழ்வுகளை எழுத உதவும் லுவா என்ற நிரல்மொழி. இங்கே சிக்கல் ஆழமானது. பலர் சேர்ந்து ஆடும்போது ஒவ்வொருவர் கணினியும் ஆட்டத்தைத் தனியே கணக்கிடுகிறது. வலைவழி போய்வருபவை பெரும்பாலும் கட்டளைகள்தான். லுவாவின் சாதாரண ரேண்டம் செயல்கூறைப் பயன்படுத்தினால் ஆளுக்கொரு எண் விழும். ஒருவர் திரையில் செத்த வீரன் இன்னொருவர் திரையில் உயிரோடு நிற்பான். அதனால் எல்லாக் கணினிகளுக்கும் ஒரே எண்ணைத் தரும் தனிச் செயல்கூறை வெஸ்நோத் வைத்திருக்கிறது. இந்தக் காரணத்தை விளங்கிக்கொள்ள அவள் நாள் முழுவதையும் செலவிடுகிறாள். செலவிடத் தகுந்த நாள்தான்.

ஞாயிறு

ஒரு கதையுரையில் எழுத்துப்பிழை கண்ணில் படுகிறது. நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியில் தனிக் கிளை தொடங்கி, திருத்தி, கமிட் செய்கிறாள். ஆங்கில வரியில் ஓரெழுத்து மாறினாலும் கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்பு முறையில் எல்லா மொழிபெயர்ப்புகளிலும் அந்த வரி மறுபரிசீலனைக்குப் போகும். எனவே நிலையான பதிப்பை விட்டு, வளர்ச்சிக் கிளைக்கே புல் ரிக்வெஸ்ட், அதாவது மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பம், அனுப்புகிறாள். லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் தானியங்கிச் சோதனை ஓடுகிறது. கமிட் குறிப்பு தெளிவாக இல்லை என்று பதில் வருகிறது. எந்தக் காட்சி, எந்த வரி என்று குறிப்பிட்டு எழுதி மறுபடி அனுப்புகிறாள்.