பொய் அல்ல, புத்தகம்

கொல்கத்தாவின் காலேஜ் ஸ்ட்ரீட்டில் வேதாந்தமும் வினா-விடை நோட்டும் ஒரே பலகையில் கிடக்கின்றன, அடுத்த பெருமழை வரும் வரை.

தமிழ்க் காதில் விழுந்தால் சற்றுத் தூக்கிவாரிப்போடும் பெயர்: 'பொய் பாடா'. வங்க மொழியில் 'பொய்' என்றால் புத்தகம், 'பாடா' என்றால் பேட்டை. காலேஜ் ஸ்ட்ரீட்டுக்கும் அதைச் சுற்றியுள்ள சந்துகளுக்கும் கொல்கத்தாவாசிகள் வைத்திருக்கும் செல்லப் பெயர் இது. உலகின் மிகப் பெரிய பழைய புத்தகச் சந்தைகளில் ஒன்று இங்கேதான் இருக்கிறது.

பிரெசிடென்சியின் கம்பி வேலியில் முதுகைச் சாய்த்தபடி வரிசையாக நிற்கின்றன கடைகள். கடை என்பது மரியாதைக்குச் சொல்லும் வார்த்தை. மூங்கில், பலகை, தகரம், மேலே ஒரு தார்ப்பாய், அவ்வளவுதான். நடுவில் ஓர் ஆள் உட்கார இடம். மற்ற எல்லாப் பக்கமும் புத்தகம். நடந்து போகிறவரை "என்ன புத்தகம் வேண்டும், தாதா?" என்ற குரல் பத்தடிக்கு ஒரு முறை மறிக்கும். தலைப்பைச் சொன்னால் போதும். தன்னிடம் இல்லாவிட்டாலும் நாலாவது கடையிலிருந்து வரவழைத்து விடுவார்கள். விலை மட்டும் பேசித்தான் படிய வேண்டும்.

சந்தை இங்கே முளைத்ததற்குக் காரணம் தெருவின் பெயரிலேயே இருக்கிறது. 1817இல் தொடங்கிய இந்துக் கல்லூரிதான் பின்னாளில் பிரெசிடென்சி ஆயிற்று. 1824இல் சம்ஸ்கிருதக் கல்லூரி, 1835இல் மருத்துவக் கல்லூரி, 1857இல் பல்கலைக்கழகம். இத்தனையும் கூப்பிடு தூரத்துக்குள். மாணவன் படித்து முடித்த புத்தகத்தை விற்க வருவான். அடுத்த மாணவன் வாங்க வருவான். நடுவில் ஒருவர் பலகை விரித்தார். வித்யாசாகரே 1847இல் ஒரு புத்தகக் கிடங்கு தொடங்கி வணிகம் செய்தவர்தான்.

எனவே இங்கு கிடைக்கும் பல பழைய நூல்களுக்கு இதுதான் சொந்த ஊர். தத்துவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் 1921இல் கொல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் தத்துவப் பேராசிரியர் பதவிக்கு வந்தார். அந்தப் பதவியில் இருந்தபோதுதான் அவருடைய இந்தியத் தத்துவ வரலாறு இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. அதே பொருளில் ஐந்து தொகுதிகள் எழுதிய சுரேந்திரநாத் தாஸ்குப்தா பக்கத்துச் சம்ஸ்கிருதக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். முதல் தொகுதி 1922இல் வந்தது. கடைசித் தொகுதி அவர் இறந்த பிறகு 1955இல் வந்தது.

நாடகம் என்றால் 'நீல் தர்ப்பண்'. அவுரித் தோட்ட வெள்ளையர்களின் கொடுமையைத் தீனபந்து மித்ரா 1860இல் நாடகமாக எழுதினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட குற்றத்துக்காகப் பாதிரியார் ஜேம்ஸ் லாங்குக்கு 1861இல் ஒரு மாதச் சிறையும் ஆயிரம் ரூபாய் அபராதமும் விதித்தது நீதிமன்றம். அபராதத்தைக் கட்டியவர் காளிபிரசன்ன சின்ஹா. மகாபாரதத்தை வங்காளியில் பெயர்த்து இலவசமாகவே வழங்கிய அதே சின்ஹாதான்.

இறையியலிலும் சண்டைக்குக் குறைவில்லை. ஏசுவின் போதனைகளை மட்டும் தனியாகத் தொகுத்து ராம்மோகன் ராய் 1820இல் வெளியிட்டார். அற்புதங்களை விட்டுவிட்டாரே என்று செராம்பூர் பாதிரியார்கள் கொதித்தார்கள். மறுப்புக்கு மறுப்பு வந்தது. கடைசி மறுப்பை அச்சிட மிஷன் அச்சகம் கையை விரித்தது. ராய் சொந்தமாக அச்சகம் வைத்து 1823இல் அச்சிட்டார். கதை நூல்களில் சரத்சந்திரரின் 'பதேர் தாபி' 1926இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் அரசு தடை போட்டது. த.நா. குமாரசாமி போன்றவர்களின் மொழிபெயர்ப்பால் வங்க நாவல்களை நம் ஊர் நாவல்களாகவே படித்த தமிழ் வாசகர்களுக்குச் சரத்சந்திரரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

ஆனால் இவர்களால் யாருக்கும் அடுப்பு எரிவதில்லை. கடைக்காரருக்குச் சோறு போடுவது பாடப் புத்தகமும், போட்டித் தேர்வு வழிகாட்டியும், வினா-விடை நோட்டும்தான். பாடத்திட்டம் மாறிய அன்றே நோட்டுகள் குப்பையாகிவிடும். ஆகவே அவற்றை வேகமாகத் தள்ளியாக வேண்டும். கண்ணில் படும் உயரத்தில் அவற்றுக்கே இடம். பேராசிரியர் ஒருவர் காலமாகி, பிள்ளைகள் வீட்டைக் காலி செய்யும்போது மொத்தமாக வந்து சேரும் தத்துவமும் இறையியலும் பெரும்பாலும் சணல் கயிற்றில் கட்டப்பட்டு அடியில் போய் உட்காரும். ஆண்டுக்கு ஒருவர் தேடி வந்தாலும் வரலாம்.

தண்ணீரும் முதலில் அங்கேதான் வரும். 2020 மே 20இல் ஆம்பன் புயல் அடித்தபோது ஊரடங்கால் கடைகள் ஏற்கெனவே பூட்டிக் கிடந்தன. மறுநாள் தெருவில் புத்தகங்கள் மிதந்தன. 2025 செப்டம்பரில், துர்கா பூஜைக்குச் சில நாள் முன்பு, ஒரே இரவில் கொட்டிய மழை மீண்டும் பேட்டையை மூழ்கடித்தது. வெயிலில் விரித்துப் போட்டால் சாதாரணத் தாள் உப்பி, வளைந்து, எப்படியோ பிழைக்கும். வழவழப்பான தாள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். பிறகு கிலோ கணக்குதான்.

நனைந்த வழிகாட்டிக்குப் பதில் அடுத்த மாதமே புதுப் பதிப்பு வரும். நனைந்த இறையியல் நூலுக்கு வராது. பழைய நூல்களை நகலெடுத்து இணையத்தில் ஏற்றியிருக்கிறார்களே என்று கேட்கலாம். ஏற்றியிருக்கிறார்கள்; அது பெரிய உதவிதான். ஆனால் இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. மறுபதிப்பும் காணாமல், உரிமையும் தீராமல் நடுவில் மாட்டிக்கொண்ட நூல்கள் ஏராளம். அவற்றைத் தேடுகிற ஆராய்ச்சி மாணவனுக்கு நூலகத்தை விட்டால் போக்கிடம் அந்த அடித்தட்டுதான்.

சியால்தா பக்கம் பைட்டக்கானாவில் இருக்கும் 'தப்தரி'கள், அதாவது பைண்டிங் தொழிலாளிகள், முதுகு கிழிந்த நூலுக்குப் புது அட்டை போட்டுத் தருவார்கள். சித்திரை மாதத்தில் வரும் வங்கப் புத்தாண்டு அன்று பதிப்பகங்கள் எழுத்தாளர்களை அழைத்து இனிப்பு கொடுத்துப் புதுக்கணக்கு எழுதுகின்றன. எதிரே காபி ஹவுஸில் விவாதம் ஓயவில்லை. 1958இல் மூட இருந்த அதைப் பேராசிரியர்கள் மனுக் கொடுத்துத் திறக்க வைத்தார்கள். நடைபாதைக் கடைகளுக்காக யாரும் பெரிய மனு எழுதத் தேவையில்லை. மழைக்காலத்துக்கு முன் அடித்தட்டைத் தரையிலிருந்து இரண்டடி உயர்த்தினால், தாஸ்குப்தாவின் ஐந்து தொகுதிகளும் இன்னும் கொஞ்ச காலம் சேர்ந்தே இருக்கும்.