சுண்ணாம்புக்கும் கண்ணாடி வளையலுக்கும் என்ன சம்பந்தம்? வீட்டுச் சூளை சொல்லும் பாடம்!

மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் நான்குவழிச் சாலையில், அருப்புக்கோட்டையைத் தாண்டினால் வருகிறது பந்தல்குடி. பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது ஜன்னல் வழியே கடந்துபோகும் ஓர் ஊர். சிமென்ட் தொழிலில் இருப்பவர்களுக்கோ இது சுண்ணாம்புக்கல் ஊர். இங்கே வெட்டியெடுக்கும் கல் லாரியில் ஏறி ஆலைக்குப் போகிறது, அரைபடுகிறது, சுமார் 1,450 டிகிரி செல்சியஸ் சூட்டில் வெந்து சிமென்டாகிறது.

அதே சுண்ணாம்புக்கல் இல்லாவிட்டால் நம் வீட்டு ஜன்னல் கண்ணாடியும் இல்லை, ஊறுகாய் பாட்டிலும் இல்லை, வளைகாப்புக்கு அடுக்கும் வளையலும் இல்லை என்பது பலருக்குத் தெரியாது.

கண்ணாடிக்கு மூலப்பொருள் மணல். மணலில் இருக்கும் சிலிக்கா உருக 1,700 டிகிரி வரை சூடு வேண்டும். அத்தனை சூட்டைக் குறைப்பதற்காக சோடா உப்பைச் சேர்க்கிறார்கள். ஆனால், மணலும் சோடாவும் மட்டும் சேர்ந்த கண்ணாடி தண்ணீரில் கரைந்துவிடும்! அதைக் கரையாமல் பிடித்து நிறுத்துவது சுண்ணாம்புதான். நாம் புழங்கும் சாதாரணக் கண்ணாடியில் 70 சதவிகிதத்துக்கு மேல் சிலிக்கா. மீதியில் பெரும்பங்கு சோடாவும் சுண்ணாம்பும். ஆக, கரிசல் காட்டுக்கும் கண்ணாடிக்கும் உள்ள உறவு நேற்று வந்தது அல்ல. இதே விருதுநகர் மாவட்டத்தின் வெம்பக்கோட்டையில், வைப்பாற்றங்கரையில் 2022-ல் தொடங்கிய அகழாய்வில் சங்கு வளையல்களோடு கண்ணாடி மணிகளும் குவியலாகக் கிடைத்தன.

ஊதாமல் செய்யும் கண்ணாடி

கண்ணாடித் தொழில் என்றதும், நீளக் குழாயில் வாய்வைத்து ஊதும் காட்சிதான் நினைவுக்கு வரும். அதற்கு இரவு பகலாக எரியும் பெரிய உலை வேண்டும், பல வருடப் பழக்கம் வேண்டும். இன்னொரு வழியும் இருக்கிறது. கண்ணாடியை உருக்கி ஊற்றாமல், வெட்டி அடுக்கி, சூளைக்குள் வைத்து, மெள்ளச் சூடேற்றி இளகவிடுவது. இளகிய துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டும். அச்சின் மேல் வைத்திருந்தால் அச்சின் வடிவத்துக்குப் படியும். ஒட்டவைப்பதை 'ஃபியூசிங்' என்றும், அச்சில் படியவைப்பதை 'ஸ்லம்பிங்' என்றும் சொல்கிறார்கள். மின்சாரத்தில் இயங்கும் சிறிய சூளை ஒன்று இருந்தால், வீட்டின் ஒரு மூலையிலேயே இதைச் செய்யலாம். தட்டு, விளக்கு, பெயர்ப்பலகை, காதணி, பதக்கம் எல்லாம் இப்படித்தான் உருவாகின்றன.

நம் ஊர் ஆட்கள் இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்திருக்கிறார்கள். புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். அந்த மண்ணில் கிடைத்த சின்னச் சின்னக் கண்ணாடி மணிகளைப் போன்றவை, கடல் கடந்து தென்கிழக்கு ஆசியா வரை பரவிக் கிடக்கின்றன. பீட்டர் ஃபிரான்சிஸ் என்ற ஆய்வாளர் அவற்றுக்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று பெயர் வைத்தார். அதே தொழில்நுட்பம் உயிரோடு இருப்பதை அவர் பார்த்தது, ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையில். உருகிய கண்ணாடியை உள்ளே ஓட்டை இருக்கும்படி நீளக் குழலாக இழுப்பார்கள். குழலைத் துண்டு துண்டாக வெட்டினால் மணி. ஆனால், வெட்டிய ஓரம் கையைக் கிழிக்கும். அதனால், மணிகளைச் சாம்பலோடு கலந்து மறுபடி சூடாக்குவார்கள். ஓரம் இளகி உருண்டுவிடும். சாம்பல் இருப்பதால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாது.

இன்றைக்கு வீட்டுச் சூளையில் நடப்பதும் இதுதான். சாம்பலுக்குப் பதில் 'கில்ன் வாஷ்'. அலுமினா பொடியும் சீனாக் களிமண்ணும் கலந்த பூச்சு. அதைத் தண்ணீரில் கரைத்து, சூளையின் பலகையிலும் அச்சிலும் நாலைந்து கோட்டிங் தடவிக் காயவைத்தால், உருகும் கண்ணாடி பலகையைப் பிடித்துக்கொள்ளாது. தோசைக் கல்லில் எண்ணெய் தேய்ப்பது மாதிரி.

கண்ணாடிக்கும் பொருத்தம் பார்க்கணும்!

வேண்டிய கருவிகள் அதிகமில்லை. கண்ணாடிக் கடைக்காரர் கையில் இருக்கும் சின்னச் சக்கரம் வைத்த கட்டர், கீறிய கோட்டில் பிளப்பதற்கு ஓர் இடுக்கி, ஓரத்தைத் தேய்க்கத் தண்ணீர் சொட்டும் வைரச் சாணை, கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு என்-95 முகக்கவசம். கட்டரால் கண்ணாடியை வெட்டுவதில்லை, கீறத்தான் செய்கிறோம். ஒரே அழுத்தத்தில், ஒரே ஒரு முறை. மறுபடி அதே கோட்டில் இழுத்தால் கட்டரும் கெடும், கண்ணாடியும் கண்டபடி பிளக்கும். பஸ், கார் ஜன்னலில் இருக்கும் டஃபன்டு கண்ணாடியைத் தொடவே கூடாது. கீறினால் பொடிப்பொடியாகச் சிதறிவிடும்.

புதிதாகப் பழகுகிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம் அடுத்தது. பச்சை பாட்டில் துண்டையும் வெள்ளை ஜன்னல் கண்ணாடியையும் சேர்த்து அழகாக ஒரு தட்டு செய்வார்கள். சூளையிலிருந்து எடுக்கும்போது பளிச்சென்று இருக்கும். மூன்றாம் நாள், யாரும் தொடாமலேயே 'டப்' என்று இரண்டாகப் பிளக்கும். காரணம், ஒவ்வொரு கண்ணாடியும் சூட்டில் விரிவதும் ஆறும்போது சுருங்குவதும் ஒவ்வோர் அளவில். ஒன்று கூடச் சுருங்க, இன்னொன்று குறைவாகச் சுருங்க, ஒட்டிய இடத்தில் இழுபறி நடந்துகொண்டே இருக்கும்.

இந்தப் பொருத்தத்தைச் சோதித்து விற்பதற்காகவே நிறுவனங்கள் உண்டு. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் 1974-ல் தொடங்கிய 'புல்ஸ்ஐ' அதில் பெயர்பெற்றது. இறக்குமதிக் கண்ணாடிக்குக் கொடுக்க நம்மிடம் பணம் இல்லையே என்றால், அதற்கும் வழி உண்டு: ஒரு வேலைக்கு ஒரே கண்ணாடி. ஒரே தகட்டிலிருந்து வெட்டிய துண்டுகள், அல்லது ஒரே பாட்டிலிலிருந்து வந்த துண்டுகள். அது எப்போதும் தனக்குத் தானே பொருந்தும்.

இன்னொரு கணக்கு: உருகிய கண்ணாடி தானாகச் சுமார் 6 மில்லிமீட்டர் கனத்துக்கு வர முயலும். 3 மில்லிமீட்டர் தகடு இரண்டை அடுக்கினால் வடிவம் அப்படியே நிற்கும். ஒன்றை மட்டும் வைத்தால் ஓரம் உள்வாங்கும். மூன்றை வைத்தால் பரவி வழியும்.

ஏறுவதைவிட இறங்குவது முக்கியம்

ஜன்னல் கண்ணாடி என்றால், அச்சில் படிய 650 முதல் 720 டிகிரி, முழுவதும் ஒட்டி ஒன்றாக 800 டிகிரிக்கு மேல். சூளைக்குச் சூளை இது மாறும்; ஒவ்வொரு முறையும் நோட்டில் எழுதி வைப்பவர்தான் சீக்கிரம் தேறுவார். முதல் 500 டிகிரி வரை அவசரமே கூடாது. மணிக்கு 100, 150 டிகிரி என்று ஏற்ற வேண்டும்.

ஆனால், உண்மையான பரீட்சை இறங்கும்போதுதான். மழைக்குப் பிறகு கரிசல் காட்டைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். மேல் மண் முதலில் காய்ந்து சுருங்கும். அடி மண் ஈரமாகவே இருக்கும். அந்த இழுபறியில் நிலம் பாளம் பாளமாக வெடிக்கும். கண்ணாடியும் அப்படித்தான். மேல்பக்கம் ஆறி இறுகிவிட, உள்பக்கம் சூடாகவே இருந்தால், பிறகு உள்ளே சுருங்கும்போது விரிசல் விடும். அதனால் 550 டிகிரி வாக்கில் நிறுத்தி, உள்ளும் புறமும் ஒரே சூட்டுக்கு வரும்வரை வைத்திருந்து, பிறகு மெள்ள மெள்ள இறக்க வேண்டும். இதற்குப் பெயர் 'அனீலிங்'. கனம் கூடக் கூட நேரமும் கூடும்.

"என்ன மதினி, விடிய விடிய கண்ணாடியை வேகவைக்கிறீக?" என்று பக்கத்து வீட்டிலிருந்து கேட்கத்தான் செய்வார்கள். ஆர்வத்தில் மூடியைத் திறந்து பார்ப்பதுதான் இருப்பதிலேயே பெரிய ஆபத்து. நடுவில் கரன்ட் போனாலும் மூடியைத் திறக்கக் கூடாது. சூளையின் சுவரில் தேங்கிய சூடே பல நேரம் கண்ணாடியைக் காப்பாற்றிவிடும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகுதான் திறக்க வேண்டும்.

மின்சாரக் கணக்கையும் முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். 3 கிலோவாட் சூளை ஒரு மணி நேரம் விடாமல் இழுத்தால் 3 யூனிட். தனி வயர், தனி பிரேக்கர், சரியான எர்த் இல்லாமல் சூளையை இணைப்பது வீட்டுக்கே ஆபத்து. கேஸ் சிலிண்டர் இருக்கும் சமையலறையில் சூளைக்கு இடமே இல்லை.

நுரையீரலும் கூலியும்

கண்ணாடித் தூளும் பூச்சுப் பொடியும் கண்ணுக்குத் தெரியாமல் நுரையீரலில் தங்கும். சிலிக்கா தூசு ஏற்படுத்தும் சிலிகோசிஸ் நோய்க்குப் பூரண குணமில்லை. கல்குவாரிகளுக்குப் பக்கத்தில் வாழும் மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எனவே துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும். குழந்தைகள் படுக்கும் அறையில் இந்த வேலை வேண்டாம். சில வண்ணப் பூச்சுகளில் ஈயமும் காட்மியமும் உண்டு. அவை தீட்டிய தட்டில் சோறு பரிமாறக் கூடாது.

வீட்டுக்குள் சூளை வந்தால் என்ன ஆகும் என்பதற்கு, உத்தரப்பிரதேசத்தின் ஃபிரோசாபாத் கண் முன்னே நிற்கிறது. நம் கடைகளில் தொங்கும் கண்ணாடி வளையல்களில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. உலையில் இழுத்த கண்ணாடிச் சுருளை வெட்டி எடுத்தால் வாய் திறந்த வளையம்தான் கிடைக்கும். அந்த வாயைச் சின்னத் தீயில் காட்டி ஒட்டும் வேலை வீடுகளுக்குப் போகிறது. செய்பவர்களில் அதிகம் பெண்கள். கூலி, கட்டுக் கணக்கில். தாஜ்மகாலைப் புகையிலிருந்து காக்க, 1996-ல் உச்ச நீதிமன்றம் அந்த வட்டாரத்துத் தொழிற்சாலைகளை நிலக்கரியை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாறச் சொன்னது. சலவைக்கல்லின் மேல் படியும் புகையைப் பற்றி நாடே பேசியது. வீட்டு மூலையில் தீயின் முன் குனிந்திருக்கும் பெண்ணின் மூச்சைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை.

நெசவும் நூற்பாலையும் பழகிய அருப்புக்கோட்டை வட்டாரத்துக்குக் கூலி வேலையின் கணக்கு நன்றாகவே தெரியும். உழைப்பு ஒருவர் கையில், விலை இன்னொருவர் கையில் என்றால், வீட்டுச் சூளையும் இன்னொரு தறிதான்.

அதனால், கண்ணாடிப் பழக ஆசைப்படும் பெண்கள் சூளை வாங்குவதற்கு முன் மூன்று விஷயங்களை முடிவு செய்துகொள்வது நல்லது. ஒன்று, வீட்டை ஒட்டிக் காற்றோட்டமான தனிக் கொட்டகை. இரண்டு, தனியாகக் கடன்படாமல் நாலைந்து பேர் சேர்ந்து, முடிந்தால் சுயஉதவிக் குழுவாக, ஒரு சூளையைப் பகிர்ந்துகொள்வது. மூன்று, செய்த பொருளுக்கு விலை சொல்லும் உரிமையை எந்த வியாபாரியிடமும் கொடுத்துவிடாமல் இருப்பது. முதல் ஆறு மாதம் உடைந்த பாட்டிலும் கண்ணாடிக் கடைக் கழிவும் போதும். உடைவதற்குத்தான் அந்த ஆறு மாதம்.

பந்தல்குடிச் சுண்ணாம்புக்கல் டன் கணக்கில், எடைக்குத்தான் விலைபோகிறது. அதே சுண்ணாம்பு கலந்த கண்ணாடி, ஒரு பெண்ணின் கையில் விளக்காகவோ காதணியாகவோ மாறும்போது எடைக்கு விலை கிடையாது, வேலைக்குத்தான் விலை. அந்த விலை அவள் கைக்கே வந்து சேர வேண்டும் என்பதுதான் சூளையின் சூட்டைவிட முக்கியமான கணக்கு!