எத்தனை நூல்?

என் தம்பி ஆறடி ஆள். அவனுக்கு நான் முதன்முதலில் தைத்துக் கொடுத்த போர்வை 77 இஞ்ச். ஆறடி என்றால் 72 தானே, ஐந்து இஞ்ச் மிச்சம் கிடக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். மார்கழி மாதம் பூப்பாறைக்கு மேலே ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் படுத்து எழுந்தவர்கள் கேட்கமாட்டார்கள். காலடியில் ஒரு மடிப்பு உள்ளே செருக வேண்டும், காதுக்கு மேலே இழுத்துவிட ஒரு பிடி வேண்டும். 84 இஞ்சாவது இல்லாவிட்டால் குளிர் ஏதாவது ஒரு பக்கமாக உள்ளே வந்து கூடப் படுத்துக்கொள்ளும்.

நான் கணக்குப் போட்டதும் 84தான். போடிப் பக்கம் ராசிங்காபுரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில், தையலில் மிஞ்சிய வெட்டுத்துணி மூட்டையை அவிழ்த்துக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். 6 இஞ்ச் சதுரம். அகலத்துக்கு 10, நீளத்துக்கு 14, ஆக 140 துண்டு. பத்தாறு அறுபது, பதினாலாறு எண்பத்துநாலு. வாய்ப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. எல்லாத் துண்டையும் சரியாக 6 இஞ்சுக்கு வெட்டினேன். சரியாக வெட்டியதுதான் தப்பு.

இஞ்சை எட்டாகப் பிரித்து அதில் ஒன்றை நூல் என்போம். தச்சர், கொத்தனார், தையல்காரர் மூவருக்கும் இது பொதுப்பேச்சு. இரண்டு துண்டைச் சேர்த்துத் தைக்கும்போது ஒவ்வொரு ஓரத்திலும் இரண்டு நூல் தையலுக்குள் போய்விடும். ஒரு துண்டுக்கு எதிரெதிரே இரண்டு ஓரம், நாலு நூல், அதாவது அரை இஞ்ச். 6 என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது தைத்து முடித்ததும் ஐந்தரை. நீளத்தில் 7 இஞ்ச் போச்சு, அகலத்தில் 5 போச்சு. ஜாக்கெட்டுக்குத் தையல் விட்டு வெட்டத் தெரிந்தவளுக்குப் போர்வைக்கு அது மறந்துபோனது. பெரிய துணி என்றால் தாராளமாக இருக்கும் என்று மனசு நினைத்துக்கொள்கிறது போல.

விடிந்தால் ஜீப். தம்பி தோட்ட வேலைக்கு மலைக்குக் கிளம்ப வேண்டும். நான் போர்வையை மடியில் போட்டுக்கொண்டு அழாத குறை. மாமியார் வந்து பார்த்தார்.

"எத்தன நூலு போச்சு?"

"ஏழு இஞ்ச் அத்தை."

"அதக் கேக்கல. துண்டுக்கு எத்தன?"

"நாலு நூலு."

"அப்ப துணி எங்கயும் ஓடிப்போகல. உள்ளதான் ஒளிஞ்சிருக்கு. போ, என் பழைய சுங்குடிச் சேலைய எடுத்தா."

சின்னாளப்பட்டிச் சுங்குடி, அரக்கு நிறம். நான் தலைப்பக்கம் மூன்றரை, கால்பக்கம் மூன்றரை என்று பிரித்து ஒட்டுப்போடலாம், பார்க்க லட்சணமாக இருக்கும் என்றேன். அத்தை விடவில்லை. ஏழையும் தலைமாட்டிலேயே போடு என்றார். "லயத்துல விளக்க அணைச்சப்புறம் கால்ல போட்டது எது, மூஞ்சில போட்டது எதுன்னு எப்படித் தெரியும்? சுங்குடி கைக்குத் தட்டுப்பட்டா தலைமாடு." அகலத்தில் போன 5 இஞ்சைப் பற்றிக் கேட்டேன். "ஒருத்தன்தான படுக்கிறான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அடுத்த வருடம் தம்பியோடு தோட்டத்தில் வேலைபார்த்த நாலு பேர் போர்வை கேட்டார்கள். நாலு பேரும் தலைமாட்டுப் பட்டையோடு வேண்டும் என்றார்கள். இந்தமுறை தையலுக்கு விட்டு ஆறரைக்கு வெட்டினேன். பட்டை தேவையே இல்லை. இருந்தும் வைத்துத் தைத்தேன்.

தவறு நடந்தவுடன் மொத்தத்தைப் பார்த்து மலைத்துப் போகிறோம். அத்தை முதலில் துண்டுக்கு எவ்வளவு என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் தையலுக்கு வெளியிலும் வைத்துப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரர் சீட்டுப் பணத்தில் கடன்பட்டபோது, மகளுக்கும் மருமகனுக்கும் பேச்சு நின்றபோது, மொத்தம் எவ்வளவு என்று கேட்டால் மூச்சு முட்டும். ஒவ்வொரு மூட்டிலும் எத்தனை நூல் என்று கேட்டால் கை வேலைக்கு வரும்.

இன்னொரு தப்பு என் அய்யாவின் கணக்கால் வந்தது. அவர் தச்சர். கர்ணம் கண்டுபிடிக்க, அதாவது மூலைக்கு மூலை நீளம் பார்க்க, அவர் பள்ளிக்கூட வழியில் போகமாட்டார். நீளமான பக்கத்தில் எட்டில் ஏழு பங்கு, அதோடு சின்னப் பக்கத்தில் பாதி. வர்க்கமூலம் எதுவும் வேண்டாம். 4 அடிக்கு 3 அடி என்றால், மூன்றரையும் ஒன்றரையும் ஐந்து, அச்சுப் பிசகாமல் வரும். 12-க்கு 5 என்றால் பத்தரையும் இரண்டரையும் 13. அதுவும் சரி. அந்தத் தெம்பில் ஒருமுறை சதுரங்களை மூலை மேல் நிறுத்தி, வைரம் வைரமாகத் தெரிகிற மாதிரி ஒரு போர்வைக்குக் கணக்குப் போட்டேன். 10 இஞ்ச் சதுரம். எட்டேமுக்காலும் ஐந்தும் பதிமூன்றே முக்கால். ஆறு வைரத்துக்கு எண்பத்திரண்டரை. அடித்துணியை 83-க்கு வெட்டிவிட்டேன்.

மேல்துணி 85-ஐத் தொட்டது. சதுரத்துக்கு அய்யாவின் கணக்கு உதைக்கிறது. 10-க்கு 14.14 வர வேண்டிய இடத்தில் அது 13.75 என்கிறது. வைரத்துக்கு மூன்று நூல் குறைச்சல். ஆறு வைரத்தில் இரண்டேகால் இஞ்சுக்கு மேல் ஏறிவிட்டது. அய்யாவிடம் போய்ச் சண்டை பிடித்தேன். அவர் அடிக்குச்சியை எடுத்து அளந்து பார்த்தார். "நான் எந்தக் கட்டையையும் கணக்குக்கு அறுத்ததில்லையே. ஒரு விரக்கடை கூட விட்டுத்தான் அறுப்பேன்" என்றார். இத்தனை வருடமும் அந்த விரக்கடைதான் கணக்கின் குறையைத் தாங்கியிருக்கிறது. அவருக்கே அது தெரியாது. நான் மிஞ்சியதைப் பின்பக்கம் மடக்கி ஓரம் அடித்துவிட்டேன். தனியாக ஓரப்பட்டை வாங்கும் செலவு மிச்சம். சதுரத்துக்கு இப்போது எனக்கு 12-க்கு 17தான். அதில் பிசகு கால் நூலுக்குள் அடங்கிவிடும்.

அளவு என்பதே ஊரில் குழம்பிக் கிடந்த காலத்தில் வளர்ந்தவள் நான். 1957-இல் நயா பைசா வந்தது. 1962 ஏப்ரல் முதல் மீட்டரும் கிலோவும்தான் சட்டம் என்றார்கள். கஜம் 36 இஞ்ச், மீட்டர் 39-க்குக் கொஞ்சம் மேலே. நாலு கஜத்துக்கும் நாலு மீட்டருக்கும் பதிமூன்றரை இஞ்ச் வித்தியாசம், ஒரு சின்னப் பிள்ளைச் சட்டைக்கே துணி. போடியில் ஏலக்காய் பொறுக்கப் போகும் பெண்களுக்கு மில்லிமீட்டர் தலைகீழ்ப் பாடம். 8 மில்லி சல்லடையில் நிற்கும் காய்க்கு ஒரு விலை, 7-இல் நிற்பதற்கு ஒரு விலை. அதே பெண் பாவாடைக்கு அளவு கொடுக்க வந்தால் இஞ்சில்தான் பேசுவாள். போடி ரயிலை மீட்டர் பாதையிலிருந்து அகலப்பாதைக்கு மாற்ற 2010 கடைசியில் நிறுத்தினார்கள். 2023 ஜூன் 15-இல்தான் மறுபடி போடிக்கு வண்டி வந்தது. 1000 மில்லிமீட்டரை 1676 ஆக்கப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல். நான் ஒரு ஜாக்கெட்டை நாலு நாள் வைத்திருந்தால் என்ன பேச்சுப் பேசுகிறார்கள்!

போர்வைக்கே திரும்பினால், துண்டுத்துணிப் போர்வை தைப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். வடகர்நாடகத்தில் கௌதி, வங்காளத்தில் பழஞ்சேலைகளை அடுக்கித் தைக்கும் காந்தா. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்ற ஊரில் கறுப்பினப் பெண்கள் வேலைக்குப் போட்டுத் தேய்ந்த துணிகளை ஒட்டித் தைத்த போர்வைகளை 2002-இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்துச் சுவரில் மாட்டினார்கள். 2006-இல் தபால்தலையும் போட்டார்கள். என் பேத்தி அந்தப் போர்வைகளின் படத்தைக் காட்டினாள். கோடு கோணுகிறது, பட்டை ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் ஒடுக்கம், ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. கடவுள் ஒருவரே குறையில்லாதவர் என்பதால் போர்வையில் வேண்டுமென்றே ஒரு தப்பு வைப்பார்கள் என்றும் அந்த நாட்டில் ஒரு கதை உலவுகிறதாம். எனக்கு நம்பிக்கை இல்லை. கூப்பிடாமலே வருகிற விருந்தாளிக்கு யார் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பார்கள்?

அந்தப் பேத்திதான் ஹப்பிள் தொலைநோக்கியைப் பற்றியும் சொன்னாள். 1990-இல் விண்ணுக்கு அனுப்பினார்கள். படம் மங்கலாக வந்தது. 2.4 மீட்டர் கண்ணாடியின் ஓரம் தலைமுடியில் ஐம்பதில் ஒரு பங்கு அளவு கூடுதலாகத் தேய்ந்திருந்தது. தேய்த்தவர்கள் கவனமாகத்தான் தேய்த்திருக்கிறார்கள். அவர்கள் அளந்து பார்த்த கருவிக்குள் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தது. வேறு கருவிகள் தப்பைக் காட்டியும், உசத்தியான கருவி சொல்வதுதான் சரி என்று விட்டுவிட்டார்கள். 1993 டிசம்பரில் மேலே போய், அதே தப்பைத் திருப்பிப்போட்ட மாதிரி கண்ணாடிகள் பொருத்தியதும் தெளிந்துவிட்டது.

கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு வேறொரு முகம் நினைவுக்கு வந்தது.

என்னிடம் தையல் பழக ஒரு பெண் வந்தாள். பதினெட்டு வயது இருக்கும். நான் அளவெடுத்துச் சொல்வேன், அவள் வெட்டுவாள். சில மாதங்களாக ஜாக்கெட் எல்லாம் இறுக்கமாகவே வந்தது. கொக்கி மாட்டவில்லை என்று ஆட்கள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். நான் அவளைத் திட்டினேன். நாலு ஜாக்கெட்டின் கூலி 40 ரூபாயைப் பிடித்துக்கொண்டேன். அவள் பதில் பேசவில்லை, மறுவாரத்தோடு நின்றுவிட்டாள்.

பிறகு ஒருநாள் ஓர் இரும்பு ஸ்கேலின் மேல் என் டேப் தற்செயலாக நீளவாக்கில் விழுந்தது. வருடக்கணக்காக என் கழுத்தில் கிடந்து, இழுபட்டு, வியர்வையில் ஊறிய டேப். அது 60 காட்டும் இடத்தில் ஸ்கேல் அறுபதே முக்கால் காட்டியது. நானே அளந்து நானே வெட்டிய நாட்களில் தப்பு தெரியாது. ஆளையும் துணியையும் ஒரே கோணல் கோலால் அளந்தால் இரண்டும் ஒத்துப்போய்விடும். அவள் வெட்டியது புது டேப்பில். 36 இஞ்ச் மார்பை என் டேப் முப்பத்தைந்தரை என்றது. அவள் அந்த முப்பத்தைந்தரையை ஒரு நூல் பிசகாமல் வெட்டியிருக்கிறாள்.

டேப்பையும் ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவள் குனிந்து பார்த்தாள். விரலால் முக்கால் இஞ்சைத் தடவினாள்.

"அப்ப நீங்க பிடிச்ச காசு?"

முடிச்சை அவிழ்த்து 40 ரூபாயைக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டாள். நான் டேப்பைச் சுருட்டப் போனேன்.

"அது இங்கயே இருக்கட்டும்க்கா" என்று கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டாள்.