திருப்புளிக்குக் கட்டுப்படும் எஞ்சின்

இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில், கென்ட் கடற்கரையில் இருக்கிறது மார்கேட். லண்டன்வாசிகளுக்கு அது கோடையில் கடல் குளிக்கப் போகும் ஊர். மாதிரி ரயில் பித்துப் பிடித்தவர்களுக்கோ தொழிற்சாலை ஊர். ரிச்மண்டில் இருந்த ரோவெக்ஸ் நிறுவனம் 1954இல் இங்கே இடம் மாறி, டிரை-ஆங் என்ற பெயரில் மின்சார ரயில்களைச் செய்தது. அதன் தாய் நிறுவனமான லைன்ஸ் பிரதர்ஸ், லிவர்பூலில் ஃபிராங்க் ஹார்ன்பி தொடங்கிய மெக்கானோவை 1964இல் வாங்கியது. பின்னர் ஹார்ன்பி என்ற பெயரே நிலைத்துவிட்டது. 1990களில் உற்பத்தி சீனாவுக்குப் போனது. ரயில்களைச் செய்த கைகள் மட்டும் இங்கேயே தங்கிவிட்டன.

அப்படிப்பட்ட ஒரு ஜோடிக் கைகளைப் பார்க்கத்தான் போயிருந்தேன். அந்த அம்மையாருக்கு எழுபத்தைந்து வயதைத் தாண்டிவிட்டது. பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு தொழிற்சாலையில் மோட்டார் பூட்டும் வேலைக்குச் சேர்ந்தவர். இப்போது வீட்டின் பின்னறையில் பழைய எஞ்சின்களைப் பழுது பார்க்கிறார். மின்னணு வேலைகளுக்கு அவருடைய தங்கை மகன் உதவுகிறார்.

மேசை மேல் அன்று இருந்தது ஒரு ‘ஜின்டி’. லண்டன் மிட்லண்ட் ஸ்காட்டிஷ் ரயில்வேக்காக 1924 முதல் 1931 வரை 422 எண்ணிக்கையில் கட்டப்பட்ட, ஆறு சக்கரச் சிறிய நீராவி எஞ்சினின் மாதிரி. உண்மையானதில் 76இல் ஒரு பங்கு அளவு. 12 வோல்ட் நேர்மின்சாரத்தில், 16.5 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடுவது. கணக்குப்படி அந்தத் தண்டவாளம் இன்னும் சற்று அகலமாக இருக்க வேண்டும். ஆனால் அந்தத் தண்டவாளத்துக்குப் பொருந்தும் ஐரோப்பிய அளவான 87இல் ஒரு பங்குக்குச் சுருக்கினால், ஏற்கெனவே ஒடுக்கமான பிரிட்டிஷ் எஞ்சினுக்குள் அந்தக் காலத்து மோட்டார் நுழையாது. அதனால் தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டு, மேற்கூட்டை மட்டும் பெரிதாக்கினார்கள். பிரிட்டனின் மாதிரி ரயில்கள் இன்றும் அந்தச் சமரசத்தின் மேல்தான் ஓடுகின்றன.

ஜின்டியைத் தண்டவாளத்தில் வைத்து மின்சாரம் கொடுத்தார். உறுமியது, நகரவில்லை. அம்பியர் மீட்டரைக் காட்டினார். “நல்ல மோட்டார் அரை அம்பியருக்குள் அடங்கி ஓடும். இது அதைத் தாண்டிப் போகிறது. உள்ளே எங்கோ கோளாறு இருக்கிறது.” திருப்புளியை எடுத்தார். மேற்கூடு கழன்றது. இன்னொரு திருகு, மோட்டார் கையில் வந்துவிட்டது.

அதற்கு எக்ஸ்-04 என்று பெயர். மூடி கிடையாது; உறுப்புகள் எல்லாம் கண்ணுக்கு முன்னால். நடுவே மூன்று துருவ ஆர்மேச்சர், மேலே காந்தம், செம்பு கம்யூட்டேட்டரின் இருபுறமும் இரண்டு கார்பன் பிரஷ். இரண்டையும் அழுத்திப் பிடிப்பது வளைத்த ஒற்றைக் கம்பி ஸ்பிரிங். அதன் ஒரு கையில் மட்டும் மின்கடத்தா உறை மாட்டியிருக்கும். அந்த உறை விழுந்தால் இரண்டு பிரஷ்களும் ஸ்பிரிங் வழியாகவே இணைந்து ஷார்ட் ஆகிவிடும்.

இந்த ஜின்டியில் உறை சரியாகவே இருந்தது. நோய் கம்யூட்டேட்டரில். யாரோ தாராளமாக எண்ணெய் விட்டிருக்கிறார்கள். அது வழிந்து, தேய்ந்த கார்பன் தூளோடு குழைந்து, மூன்று செம்புத் துண்டுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் கரும்பசையாக அப்பியிருந்தது. மின்சாரம் காயிலுக்குள் போகாமல் பசை வழியே குறுக்கே பாய்ந்துகொண்டிருந்தது. பல்குத்தும் குச்சியின் நுனியால் ஒவ்வொரு பள்ளத்தையும் கீறி எடுத்தார். ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் செம்பைத் துடைத்தார். பிறகு துண்டுக்குத் துண்டு மல்டிமீட்டரை வைத்தார். மூன்று அளவுகளும் ஒன்றுபோல் வந்தன. “காயில் எதுவும் எரியவில்லை. பிழைத்துக்கொள்ளும்.” நம் ஊரில் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுபவர்களும் முதலில் பார்ப்பது இந்தச் சமத்தைத்தான்.

காந்தத்தை மட்டும் அவர் கழற்றவில்லை. அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த அந்தக் காலத்துக் காந்தத்தை இரும்புத் துண்டால் இணைக்காமல் வெளியே எடுத்தால் வலிமை இழந்துவிடும். வலிமை குறைந்த மோட்டார் வேகமாகச் சுழலும், மின்சாரத்தை விழுங்கும், சூடாகும். ஆனால் நான்கு பெட்டிகளை இழுக்காது. அந்த நிலைக்கு வந்த மோட்டார்களுக்கு நியோடிமியம் காந்தம் பொருத்துகிறார். எண்ணெயைக் கம்பி நுனியில் தொட்டு, அச்சின் இரு முனைகளிலும் உள்ள கம்பளித் துணுக்குகளில் வைத்தார். அவ்வளவுதான் எண்ணெய்.

ஜின்டி ஓடியது. அடுத்தது மேம்பாடு, தங்கை மகனின் முறை. எஞ்சினின் சொந்தக்காரர் டிஜிட்டல் கட்டுப்பாடு கேட்டிருந்தார். அதில் தண்டவாளம் முழுவதும் எப்போதும் மின்சாரம் இருக்கும். ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் உள்ள டிகோடர் தனக்கு வரும் கட்டளைக்கு மட்டும் பணியும். ஆனால் எக்ஸ்-04இல் ஒரு பிரஷ் உலோகச் சட்டத்தைத் தொட்டிருக்கிறது. அந்தச் சட்டமோ ஒரு பக்கச் சக்கரங்கள் வழியாகத் தண்டவாளத்தோடு இணைந்திருக்கிறது. அப்படியே டிகோடரைக் கோத்தால் புகைந்துவிடும். ஸ்பிரிங்கின் மறுகைக்கும் உறை மாட்டி, பிரஷ்ஷைச் சட்டத்திலிருந்து பிரித்து, சோதித்த பிறகே ஈயப்பற்று வைத்தார். இந்த மோட்டார் வடிவமைக்கப்பட்டபோது டிகோடர் என்ற பொருளே உலகில் இல்லை. இருந்தும் அதற்கு இடம் கொடுக்கிறது, திறந்த அமைப்பு என்பதால்.

எல்லாவற்றையும் காப்பாற்ற முடிவதில்லை. ஈயம் கலந்து கெட்ட துத்தநாக வார்ப்புகள் ஆண்டுக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே வெடித்து, வீங்கி, விரலிடுக்கில் உதிரும். அவற்றுக்கு மருந்தில்லை. புதிய மாதிரிகளிலோ மோட்டார் மூடிய தகரக் குப்பிக்குள் இருக்கிறது. பழையதைவிட அமைதியாக, மெதுவாக, அழகாக ஓடுகிறது. இதை அந்த அம்மையாரே பாராட்டுகிறார். ஆனால் பிரஷ் தேய்ந்தால் மாற்ற வழியில்லை. மோட்டாரையே தூக்கிப் போட வேண்டும். அதே அளவில் வேறொன்று கிடைக்காவிட்டால் எஞ்சினையும்.

அறுபது வயதான பொம்மை இன்றும் ஓடுவதற்கு அந்தக் கைகளின் திறமை பாதிக் காரணம். மீதிப் பாதி, பழுது பார்க்க ஒருவர் வருவார் என்று நம்பி அதை வடிவமைத்தவர்கள். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்றது வீண். குழந்தைக்கு ஒரு பொம்மை வாங்கினாலும் வீட்டுக்கு ஒரு மிக்ஸி வாங்கினாலும் கடைக்காரரிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இதைத் திறக்க முடியுமா? உதிரிப்பாகம் கிடைக்குமா? வாங்குபவர்கள் கேட்கத் தொடங்கினால்தான் செய்பவர்கள் திருகு வைப்பார்கள்.